அக்காவுக்குப் போட்ட உப்பு

என் அக்கா அம்சவல்லியின் கணவர் பஞ்சநதம், திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணங்களுக்குச் சமைத்தவர். முப்பத்தோரு வருடம். நானூறு இலை என்றாலும் கையால்தான் உப்பு அள்ளிப் போடுவார். ருசி பார்ப்பது கிடையாது. சாமிக்குப் படைக்கும் முன் நாக்கில் வைக்கக் கூடாது என்பது ஒன்று. ஆவியை மோந்தே உப்பைச் சொல்லிவிடுவேன் என்ற திமிர் இன்னொன்று. சமைத்ததைச் சாப்பிடவும் மாட்டார். நாளெல்லாம் அடுப்படியில் நிற்பவருக்கு அந்த வாசனையே வயிற்றைப் புரட்டும். மோர் சாதம் போதும்.

ஊருக்கெல்லாம் விருந்து வைத்த மனிதர் வீட்டில் ஒரு நாள் உலை வைத்ததில்லை. மண்டபத்தில் மிஞ்சிய சாம்பாரும் வடையும் தூக்கில் வரும். அக்கா அதைச் சுடவைத்துச் சுடவைத்துத் தின்றே காலத்தை ஓட்டினாள். ஐம்பத்து நான்கு வயதில் கால் வீங்கியது. சிறுநீரகம் பாதிக்கு மேல் போய்விட்டது என்றார் டாக்டர்.

"நாளைக்கு அரை ஸ்பூன் உப்புதான். வீட்டுலயே சமைச்சு சாப்பிடுங்க. மீறினா உடம்பு தாங்காதுங்க."

அன்றோடு அத்தான் மண்டப வேலையை விட்டார். "இனிமே இவளுக்கு மட்டும்தான் சமைப்பேன் மாப்ள," என்றார். உள்ளபடியே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

குழைந்த சோறு, சுரைக்காய்க் கூட்டு, அவ்வளவுதான். டிவி கிடையாது. அக்காவுக்கு இலை போட்டுப் பரிமாறி, பக்கத்திலேயே தன் மோர் சாதத்தோடு உட்காருவார். அவள் மெதுவாக மென்று, ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுவாள். டாக்டர் சொன்ன ஸ்பூன் உப்பு டப்பாவில் கிடந்தது. அதை அவர் தொடவில்லை. "கிள்ளித்தான் போடறேன், இதுக்குப் போய் ஸ்பூனா?" என்பார்.

ஆனாலும் கால் வீக்கம் வடியவில்லை. டாக்டர் கேட்டபோதும் கிள்ளித்தான் போடுவதாகச் சத்தியம் செய்தார்.

குறுவை நடவு முடிந்து நான் போயிருந்த அன்று எனக்கும் இலை போட்டார். முதல் வாய்க் கூட்டிலேயே கரித்தது. அண்டாவுக்குப் பழகிய கை எவ்வளவு கிள்ளும்? நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன். பேசாதே என்று கண்ணாலேயே அடக்கினாள்.

"எப்படி மாப்ள?" என்றார் அத்தான்.

"நல்லாயிருக்கு அத்தான்."

கை கழுவுகிற இடத்தில் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "பைத்தியமா உனக்கு? இது உன்னைக் கொன்னுடும்!"

"எனக்குன்னு அது உலை வச்சது இப்பதான்டா. பக்கத்துல உக்காந்து நான் சாப்பிடறதப் பாத்ததும் இப்பதான். உப்புன்னு சொன்னா ஒடிஞ்சு போயிரும். நீ சொல்லக் கூடாது, என் மேல சத்தியம்."

அந்தப் பாழாய்ப்போன சத்தியத்துக்கு நான் கட்டுப்பட்டேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். ஐப்பசியில் அக்கா போய்விட்டாள்.

காரியம் முடிந்த மறுநாள் அத்தான் அதே கூட்டைச் செய்து அக்கா படத்துக்குப் படைத்தார். படைத்ததைக் கொட்ட மனம் வராமல் தானே இலை முன் உட்கார்ந்தார். நான் எதிரில் இருந்தேன். முதல் வாயிலேயே அவர் கை நின்றுவிட்டது.

எழுந்து போய் உப்பு டப்பாவை எடுத்துவந்தார். வழக்கம்போலக் கிள்ளி எடுத்து, அதை உள்ளங்கையில் வைத்து ஸ்பூனால் அளந்தார். இரண்டு ஸ்பூன். அதற்கு மேலும் கொஞ்சம் கையில் மிச்சமிருந்தது.

"இத்தன நாளும் இதையா தின்னா?" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நீயும் அன்னிக்குச் சாப்பிட்டியே மாப்ள. நான் கேட்டேனே."

அவர் இலையை இழுத்துக்கொண்டு, அக்காவைப்போலவே மெதுவாக மென்று, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தார்.