குந்தியதில் அறுந்த கோடு

முப்பது வயதுக்குள் பார்த்த வேலைகளை உதயாவாலேயே வரிசையாகச் சொல்ல முடியாது. பங்காருபாளையத்தில் மாங்கூழ் ஃபேக்டரி, பெங்களூரில் தையல் கம்பெனி, தடா பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் திறந்த செல்போன் ஃபேக்டரி. யாரோடும் சண்டையில்லை. ஏழெட்டு மாதமானால் கால் ஓரிடத்தில் நிற்காது, அவ்வளவுதான். நகரியில் பவர்லூம் ஓட்டும் அவள் அப்பா தாமோதரன், அவளுக்கு நைனா, ஏன் விட்டாய் என்று கேட்பதையே விட்டுவிட்டார்.

2016இல் திருச்சானூர் ரோட்டில் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்தாள். சர்க்கரை வியாதியில் கால் மரத்துப்போனவர்கள் செருப்புக்குள் வைத்துக்கொள்ளும் சென்சார் அட்டை அங்கே தயாரானது. வளையும் பிளாஸ்டிக் தாளில் வெள்ளித்துகள் கலந்த மையால் கோடுகள் அச்சடிப்பது அவள் வேலை. பாதத்தில் எங்காவது அழுத்தம் ஏறினால் இடுப்பில் மாட்டிய சின்னப் பெட்டி அதிரும்.

இந்த வேலையைத் தேடித்தான் வந்தாள். நைனாவுக்கும் சர்க்கரை. செருப்பில் ஏறிய ஆணியோடு ஒரு பகல் முழுக்கத் தறிகளுக்கு நடுவே நடந்திருந்தார். தரையில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. சுண்டுவிரலை எடுக்கவேண்டியதாயிற்று.

ஆனால் அட்டை சொதப்பியது. மெஷின் பத்தாயிரம் தரம் வளைத்தும் தாங்கிய கோடு, நோயாளிகளிடம் போய்ப் பதினைந்தே நாளில் செத்துத் திரும்பியது. பொறுப்பிலிருந்த கிரண்குமார் மையை மாற்றினார், தாளை மாற்றினார். பலனில்லை. உதயாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. டீ நேரத்திலும் செத்த அட்டைகளை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் விரல் மடியும் இடத்தில் முடி மாதிரி ஒரு விரிசல்.

ஒரு மத்தியானம் குழாயடியில் குந்தி டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தவள், தற்செயலாகத் தன் காலைப் பார்த்தாள். உடம்பு பாரமெல்லாம் முன்பாதத்தில் இறங்கி, செருப்பு விரலடியில் மடங்கிக் கிடந்தது. பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

"சார், உங்க மெஷினு நடந்து பாக்குது. குந்திப் பாக்கல."

அவருக்குப் புரியவில்லை. அட்டை வைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு அவர் எதிரிலேயே குந்தினாள், எழுந்தாள், மறுபடி குந்தினாள். எண்பது தரம் போல ஆனதும் கம்ப்யூட்டர் திரையில் அட்டையின் அழுத்தத்தைக் காட்டி ஏறியிறங்கிய வரி படுத்துவிட்டது. நேர்க்கோடாகப் போடாமல் பாம்பு மாதிரி நெளித்துப் போட்டால் மடிப்பில் இழுபட்டுக் கொடுக்குமே என்று கேட்டாள். இழுபடும் பொருள்களுக்கு அப்படிப் போடுவதைப் படித்திருக்கிறேன், செருப்புக்கு வேண்டியிருக்கும் என்று தோணவில்லை என்று ஒப்புக்கொண்டார் கிரண்குமார்.

நெளிகோடு அட்டைகள் மாதக்கணக்கில் தாங்கின. இடுப்பில் பெட்டியா என்று முரண்டு பிடித்த நைனாவும் கடைசியில் மாட்டிக்கொண்டார். ஆவணியில் ஒருநாள் அவரே போன் செய்தார்.

"இன்னிக்கி அதிர்ந்துச்சி. செருப்புல கல்லு. எடுத்துப் போட்டுட்டேன்."

போனை வைத்த பிறகு உதயா கொஞ்ச நேரம் அச்சு மேஜைப் பக்கமே போகாமல் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

அங்கே இரண்டரை வருஷம் இருந்தாள். அவள் கணக்கில் அது ரொம்ப அதிகம். பிறகு ரேணிகுண்டா பக்கம் பேட்டரி செய்யும் இடத்துக்குப் போகிறேன் என்றதும், இங்கே என்ன குறை என்று கிரண்குமார் வருத்தப்பட்டார்.

"கொறையே இல்ல சார். அதான் போறேன்."

புது இடத்தில் முதல் வாரமே, பேட்டரித் தகடு ஓரத்தில் மட்டும் ஏன் உப்புகிறது என்று சூப்பர்வைசரைக் குடைய ஆரம்பித்தாள்.