தோட்டம் என்றால் எந்தத் தோட்டம்?

“சேவியர் அண்ணை, மிளகாய்க் கண்டுகள் எங்க?”

மாத்தளைக்கு மேலே ஒரு தேயிலை மலையில் நின்றுகொண்டு டிரெக்டர் என்னிடம் இப்படிக் கேட்டார். யாழ்ப்பாணத்துப் பெண். அது அவருடைய முதல் படம். அம்மாவாக நடிக்கும் நடிகை மறுநாள் கனடாவுக்குப் பறக்கிறார். அவர் நடிக்க வேண்டிய இரண்டு காட்சிகள் மிச்சம். அன்றைக்கு எடுக்காவிட்டால் படமே இல்லை.

நான் உதவி இயக்குநர். திரைக்கதையைப் பிரித்து, ஒவ்வொரு காட்சிக்கும் இடம், ஆள், உடை, சாமான் எழுதும் பிரேக்டவுன் வேலை என்னுடையது. வீடு கட்டுகிறவருக்கு பிளான் எப்படியோ, எங்களுக்குத் திரைக்கதை அப்படி. ஆனால் பிளானில் அளவு இருக்கும். திரைக்கதையில் சொல் மட்டும்தான்.

திரைக்கதையில் இருந்தது இவ்வளவுதான்: ‘வெளி. பகல். தோட்டம். அம்மா வேலை செய்கிறாள்.’

“தோட்டம்னு எழுதியிருந்தீங்களே மிஸ். எங்க ஊர்ல தோட்டம்னா இதுதாங்க.”

“எங்கட ஊரில தோட்டம் எண்டா மிளகாய், வெங்காயம் வைக்கிற காணி அண்ணை!”

பிழை அவருடையதுமல்ல, என்னுடையதுமல்ல. ஒரு சொல்லை ஒரு மாதிரி எடுத்துவிட்டால் மற்றச் சொற்களெல்லாம் அதற்கு ஒத்து ஊதும். அடுத்த காட்சியில் அம்மா, “தோட்டம் கைவிட்டுப் போச்சு” என்கிறாள். வேலை போய்விட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன். ‘ஓர் ஆள் வேலியோரமாக நடக்கிறார்’ என்று இருந்தது. கொழுந்து பறிப்பவர்களை மேற்பார்க்கும் கங்காணி என்று எழுதி, அவருக்குக் குடைகூட வாங்கி வைத்திருந்தேன். அவர் காணி வாங்க வந்தவராம். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கொழுந்துக் கூடையோடு நடிக்கத் தயாராக நின்ற தோட்டத்துப் பெண்களில் ஒருவரான ராணி அக்கா, “லயத்துக்குப் பின்னால நானும் மொளகா வச்சிருக்கேன் தம்பி. அங்கயே படம் எடுங்களேன்” என்றார். லயம் என்றால் கம்பெனி தொழிலாளருக்குக் கொடுத்த வரிசை வீடு.

டிரெக்டரின் முகம் மலர்ந்தது. எனக்கு மனசு வரவில்லை. “முதல் காட்சிக்குச் சரி மிஸ். அடுத்ததுல வேலியச் சுத்திக் காட்டணுமே. லயம் ஃபிரேம்ல விழுந்திடும். காணி அவங்களோடதுன்னு யாரும் நம்ப மாட்டாங்க.”

அவர் திரைக்கதையைப் புரட்டினார். “அப்ப வேற எங்க?”

மலைக்குக் கீழே நாவுலயில் தெரிந்த விவசாயி ஒருவருக்கு போன் போட்டேன். வேலியும் கிணறுமாக மிளகாய்க் காணி இருந்தது. வேனில் எல்லாரையும் அள்ளிப் போட்டுக்கொண்டு போனோம். ராணி அக்காவையும் மற்றப் பெண்களையும் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. எனக்கு அது பெரிய சங்கடம். வெயில் சாய்வதற்குள் இரண்டு காட்சிகளும் முடிந்தன.

படம் மாத்தளை டவுனில் ஓடியபோது ராணி அக்காவை நானே கூட்டிப்போனேன். அம்மா காணியை விற்றுவிட்டு அழும் இடத்தில் பக்கத்தில் எல்லாரும் கண்ணைத் துடைத்தார்கள். அக்கா துடைக்கவில்லை.

வெளியே வந்ததும் கேட்டேன். “படம் எப்பிடிக்கா?”

“நல்லாத்தான் இருந்திச்சு தம்பி. அந்தம்மாவுக்கு விக்கவாவது ஒரு துண்டு காணி இருந்திச்சே.”

இப்போது பிரேக்டவுன் எழுதும்போது ‘இடம்’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டமும் போடுகிறேன்: யாருக்குச் சொந்தம்?