அம்மா முடிவை மாற்றவிடாத கதை

எங்கள் அம்மா மானிப்பாயில் பிறந்து, போரினால் பெயர்ந்து, மொன்றியலில் மறைந்தார். இந்த நினைவு மலரில் இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளும்படி உறவினர் சிலர் எனக்கு அறிவுரை கூறினர். அதை நான் ஏற்கவில்லை.

அம்மா மொன்றியலின் புறநகரான கர்க்லாண்டில் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலை செய்தார். அங்கு கழித்துப்போட்ட புத்தகங்களுக்குள், பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கப் பெண் எழுத்தாளர் ஒருவரின் சிறுவர் கதைகள் அவர் கைக்கு வந்தன. முன்னுரையில் அந்த எழுத்தாளரின் வாழ்க்கை இருந்தது. போதகர் ஒருவரின் மகள். கதை எழுதுவது பொய் சொல்வதற்குச் சமம் என்று தகப்பன் தடுத்தபோது வீட்டைவிட்டு வெளியேறி, பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டே எழுதியவர். அவருடைய சிறந்த கதையில், ஒரு சிறுமி தகப்பனின் வீட்டைவிட்டு நெசவாலைக்கு வேலைக்குப் போகிறாள், திரும்பி வருவதில்லை. அவள் மன்னிப்புக் கேட்டு வீடு திரும்பவேண்டும் என்றார் பதிப்பாளர். எழுத்தாளர் மறுத்தார். அவர் காலத்தில் அந்நூல் மறுபதிப்புக் காணவில்லை.

அக்கதையை அம்மா தமிழாக்கினார். தமிழ்ப் பாடசாலை ஆண்டுவிழாவில் அது நாடகமாக மேடையேற இருந்தது. அம்மாவின் தமையனும் விழாக் குழுத் தலைவருமான பெரிய மாமா, அம்மாவைக் கேளாமலே முடிவை மாற்றினார். ஒத்திகையில் சிறுமி தகப்பனின் காலில் விழுந்தாள்.

“அண்ணை, இது ஆர் எழுதினது?” என்று அம்மா கேட்டார்.

“பிள்ளையள் பாக்கிற நாடகம். வீட்டை விட்டுப் போறதைக் காட்டினா நாளைக்கு உன்ர பிள்ளையும் போகும்.”

“போகட்டும். படிச்சுப்போட்டுப் போகட்டும்.”

“வெள்ளைக்காரிக்கு வக்காலத்தோ? அவள் என்ன, உனக்கு மச்சாளோ?”

“மச்சாளெண்டா நீங்களெல்லோ கட்டியிருக்க வேணும், அண்ணை. அவ ஓம் எண்டிருக்க மாட்டா.”

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். மாமா அதை மன்னிக்கவேயில்லை. முடிவை மாற்ற அம்மா விடவில்லை; நாடகம் நின்றது. அதன்பின் அவர் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அம்மாவுக்குப் புற்றுநோய் வந்தபோது மருத்துவமனைக்கும் வரவில்லை. “கதையை ஒருக்கா அச்சில பாத்திட்டன் எண்டாப் போதும்,” என்று கடைசி நாட்களில் அம்மா சொன்னார். பார்க்கவில்லை.

முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டிக்காக இம்மலர் தயாரானபோது, மாமா புலவர் ஒருவரைக்கொண்டு ‘சகோதரர் புலம்பல்’ எழுதுவித்து அனுப்பினார். கண்ணுக்குள் வைத்துக் காத்த தங்கை என்று தொடங்கும் அச்செய்யுளில் எதுகையும் மோனையும் பிழையின்றி அமைந்துள்ளன. இலக்கிய மாணவி என்ற முறையில் இதனை ஒப்புக்கொள்கிறேன். நடந்தது எதுவும் அதில் இல்லை.

“புலம்பல் இல்லாட்டி சனம் என்ன சொல்லும், பிள்ளை?” என்று தொலைபேசியில் கேட்டார்.

“சனம் நடந்ததைச் சொல்லும், மாமா.”

மருத்துவமனையில் முறைவைத்துத் துணையிருந்த காப்பகத் தோழியருக்கும், இறுதிக் கிரியைகளின்போது சமைத்துப் பரிமாறிய அயலவருக்கும் எம் நன்றி உரியது. பெரிய மாமாவுக்கு நன்றி கூற எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. அவருடைய புலம்பலை அச்சிடவில்லை. அதற்கென ஒதுக்கிய பக்கங்களில், எழுத்தாளரின் பெயரோடும் அம்மாவின் பெயரோடும் அக்கதை முழுமையாக வருகிறது. சிறுமி திரும்பி வரவில்லை.