இங்கே யாரும் படுப்பதில்லை

கம்பெனி குவார்ட்டர்ஸ் எல்லாம் என்ன நிலைமையில் இருக்கிறது என்று பார்க்க ஆபீஸிலிருந்து ஆள் வருகிறார் எனத் தம்பி சொன்னதுமே எங்கள் சாமானை எங்கே ஒளிப்பது என்று யோசிக்க ஆரம்பித்தேன். நாங்கள் இருந்தது அவன் பெயருக்கு ஒதுக்கிய வீடு. அவனுக்குப் பெர்மனென்ட் வேலை. என் வீட்டுக்காரருக்கு மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை, அதற்கு வீடு கிடையாது. அவன் வீட்டின் பின்பக்க வராண்டாவைத் தகரம் வைத்து அடைத்து, அதில்தான் நாங்கள் இரண்டு பேரும் ஏழாவது படிக்கிற எங்கள் மகளும் இருந்தோம். வெளியாட்களைத் தங்க வைத்தால் வீடு கையை விட்டுப் போய்விடும் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். வெளியாள் என்றால் நான்தான். கூடப் பிறந்தவள், ஆனாலும் வெளியாள்.

அதற்கு முன்னால் டவுன்ஷிப்புக்கு வெளியே சிமெண்ட் ஷீட் போட்ட வீட்டில் வாடகைக்கு இருந்தோம். வெயிலில் உள்ளே உட்கார்ந்தால் மண்டை வெடிக்கும். மழை வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு மூலை மூலையாக ஓட வேண்டும். மகளுக்கு இருமல் நின்றபாடில்லை. "எதுக்கு அந்த வூட்ல கஷ்டப்பட்டுகினு கெடக்கற? இங்க வந்துடுக்கா" என்று தம்பிதான் கூப்பிட்டான். வந்த பிறகு, அதே பிளாக்கில் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாசலில் முள்செடி ஆள் உயரத்துக்கு நிற்கும். பாம்பு குடியிருக்கலாம், நாங்கள் குடியிருக்கக் கூடாது. என்ன நியாயமோ போங்கள்!

பார்க்க வருகிற அன்று வீட்டுக்காரர் ஷிஃப்டுக்குப் போனதும் பாய், தலையணை, துணிமணி எல்லாவற்றையும் சாக்கில் திணித்துக் கட்டி, அதன்மேல் பழைய சைக்கிளைச் சாய்த்து வைத்தேன். வந்த அதிகாரி நல்ல மனுஷர், குறை சொல்ல மாட்டேன். கையில் ஒரு குச்சி வைத்திருந்தார். சுவரைத் தட்டுவார், அண்ணாந்து பார்ப்பார், எழுதிக்கொள்வார். கூடத்தில் ஒழுகிய தடத்தைப் பார்த்தார், குளியலறைச் சுவரில் பாசியைச் சுரண்டிப் பார்த்தார். அப்புறம் நேராக வராண்டாவுக்கு வந்துவிட்டார். நான் துடைப்பமும் கையுமாக நின்றிருந்தேன்.

"நீங்க யாரும்மா?"

தம்பி பேசுவதற்குள் நான் முந்திக்கொண்டேன். என் வாய்க்குத்தான் எப்போதும் அவசரமாயிற்றே.

"வூட்டு வேலை செய்யறேங்க சார்" என்றேன்.

யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. தம்பி என் முகத்தைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். 'இல்ல சார், இவங்க என் அக்கா' என்று உளறிவிடுவானோ எனப் பயமாக இருந்தது. அவன் அப்படிச் சொல்லாதது அதைவிட வலித்தது.

அதிகாரி குச்சியால் வராண்டாவின் மேல்தளத்தைத் தட்டினார். பூச்சு பொத்தென்று விழுந்தது; துருப்பிடித்த கம்பி தெரிந்தது.

"ரொம்ப மோசமா இருக்குதே. இங்க யாராவது படுக்கறாங்களா?"

"இல்ல சார், சாமான்தான் போட்டு வெச்சிருக்கோம்" என்றான் தம்பி.

"நல்ல வேளை. அப்போ இதுக்கு அவசரம் இல்ல. ஆளுங்க பொழங்கற எடத்தை மொதல்ல பூசுவாங்க" என்று சொல்லி எழுதிக்கொண்டார். அந்தக் கம்பிக்கு நேர் கீழேதான் என் மகள் தலை வைத்துப் படுப்பாள். அவசரக்காரியான என் வாய் அப்போது திறந்ததா? இல்லையே!

அந்த நேரம் பார்த்து அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து நின்றாள்.

"அக்கா பொண்ணு சார். ஸ்கூலுக்காக இங்க தங்கியிருக்குது" என்றான் தம்பி.

"அப்பா அம்மா எங்கம்மா இருக்காங்க?" என்று அவர் அவளிடமே கேட்டார்.

அவள் என் கையிலிருந்த துடைப்பத்தைப் பார்த்தாள். "ஊர்ல இருக்காங்க சார்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அக்கா, குடிக்கத் தண்ணி குடுங்க" என்றாள். வேலைக்கு வருகிறவர்களை டவுன்ஷிப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் போய்த் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தேன்.

வீடு தப்பித்தது. அதிகாரி கிளம்பியதும் தம்பி சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. பெற்ற பிள்ளையைப் பொய் சொல்ல வைத்துவிட்டேனே என்ற அவமானம் தாங்கவில்லை. மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

"மனசுல வெச்சிக்காத கண்ணு. இந்த எடம் போயிடக் கூடாதுன்னுதான் அம்மா அப்படிச் சொன்னேன்."

அவள் பிஸ்கட்டைக் கடித்தபடி சாதாரணமாகச் சொன்னாள்:

"பரவால்லம்மா. ஒரு வாட்டி நீ துணி காயப்போடறதைப் பாத்துட்டு என் ஃப்ரெண்ட்ஸ், இவங்க யாருன்னு கேட்டாங்க. நான் அப்பவே வேலைக்கு வர்ற அக்கான்னு சொல்லிட்டேன்."