மனுகாவ் குடாவில் கேட்காத ஓங்கில்

தொண்ணூறுகளின் நடுவில் ஓக்லண்டில் எனக்குக் கிடைத்த வேலையைப் பற்றி மவுண்ட் வெல்லிங்டன் தமிழரிடம் விளக்கம் சொல்வதை விரைவிலேயே விட்டுவிட்டேன். யாழ்ப்பாணத்தில் பௌதிகவியல் படிப்பித்தவள் இங்கே ஓங்கில்களின், அதுதான் டொல்பின்களின், சத்தத்தைத் தேடித் திரிகிறாள் என்றால் சனம் சிரிக்கத்தானே செய்யும். என் கணவரே கேட்டார்: "மீன் கதைக்கிறதைக் கேக்கிறதுக்கும் இந்த நாட்டில சம்பளம் குடுக்கினமோ?" அது மீன் இல்லை, குட்டி போட்டுப் பால் கொடுப்பது என்றேன். "அப்ப நீர் சம்பளம் இன்னும் கூடக் கேக்கவேணும்" என்றார்.

நாங்கள் தேடியது நியூசிலாந்துக் கடலைத் தவிர வேறெங்கும் இல்லாத, முதுகுச் செட்டை வட்டமான ஒரு சிறிய ஓங்கில். வடதீவின் மேற்குக் கரையில் மிஞ்சியிருந்தவை மிகச் சில. ஐரோப்பியக் கடல்களில் திரியும், ஓங்கிலுக்கு உறவான கடற்பன்றியைப் போல இதுவும் சீட்டி அடிக்காது. மனிதக் காதுக்கு எட்டாத உச்சத்தில் சின்னச் சின்னத் துடிப்புகளை விட்டு, அவற்றின் எதிரொலியைக் கொண்டு வழியையும் இரையையும் அறியும். அதனால் நான் முதலில் பழகியது கடற்பன்றிகளின் ஒலிநாடாக்களில்தான். நாடாவை மிக மெதுவாக ஓட்டினால் எங்களுக்கும் கேட்கும். இரையை நெருங்க நெருங்கத் துடிப்புகள் நெருக்கமாகி, கடைசியில் துருப்பிடித்த கதவு திறப்பதுபோல ஒரே இழுவையாகிவிடும்.

ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஐம்பது தாண்டிய ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியை. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: ஓக்லண்டை ஒட்டிய மனுகாவ் குடாவுக்குள் வலை கட்டுவதை நிறுத்தவேண்டும். கட்டிவைத்த வலையில் மாட்டிய ஓங்கில் மூச்செடுக்க மேலே வரமுடியாமல் மூழ்கிச் சாகும். திறந்த கடலில் கட்டுப்பாடு கொண்டுவரலாம் என்று அதிகாரிகள் கொஞ்சம் இறங்கி வந்திருந்தார்கள். குடாவுக்குள் அவை வருகின்றனவா, ஆதாரம் எங்கே என்றுதான் கேட்டார்கள். கரையோரக் கிழவர்கள் கண்டோம் என்று சொன்னது ஆதாரத்தில் சேராது. "ஒரே ஒரு பதிவு போதும்" என்பார் பேராசிரியை. அந்த ஒன்றுக்காக அவர் தன் மற்ற ஆய்வுகளையெல்லாம் மூட்டை கட்டி வைத்திருந்தார்.

கருவியைச் செய்தவர் எங்கள் எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன், கோயம்புத்தூர்க்காரர். தண்ணீருக்குள் தொங்கும் ஒலிவாங்கி ஒன்று. அந்த உச்சத்துச் சத்தத்தை மட்டும் பிடித்து, வந்த நேரத்தைப் பதியும் பெட்டி ஒன்று. குடாவுக்குள் படகு போகும் ஆழமான வழியைக் காட்டும் ஒரு கம்பத்தில் கட்டி இறக்கினோம். வாரக்கணக்காக ஒன்றுமில்லை. பிறகு ஒரு காலை பெட்டியைத் திறந்தால், நிறையத் துடிப்புகள்.

பேராசிரியை என்னைக் கட்டிப்பிடித்தார். டெக்னீஷியன் மேசையில் தாளம் போட்டார். நல்ல செய்தி வந்தால் வாய் இனிக்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம். அன்று மாலையே பயறு வறுத்து, அடுத்த நாள் பயற்றம் உருண்டையோடு போனேன். பேராசிரியை இன்னொன்று, இன்னொன்று என்று எடுத்துத் தின்றார். காய்ந்த மாடு கம்பில் விழுந்த மாதிரி மூவரும் அந்த எண்ணிக்கையின்மேல் விழுந்து கிடந்தோமே தவிர, இடைவெளியை ஒருவரும் பார்க்கவில்லை.

உருண்டை தீர்ந்த பிறகுதான் நான் பார்த்தேன். ஒவ்வொரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரே இடைவெளி, முதலிலிருந்து கடைசிவரை. உயிருள்ள எதுவும் அப்படிச் சத்தம் போடாது. பசித்தால் அவசரப்படும், பயந்தால் நிறுத்தும். "தம்பி, இது மிஷின்" என்றேன் டெக்னீஷியனிடம். அவர் திரையருகே குனிந்து நின்றார். "ஆமாக்கா. யாரோ போட்டுல இருக்கற எக்கோ சவுண்டர். ஆழம் பாக்கறது. நம்ம போட்டுல இருந்ததை ஆஃப் பண்ணிட்டோம், பக்கத்துல வலை போட வந்தவன் பண்ணுவானா?"

பேராசிரியை கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

கோடை முடிந்ததும் நடந்த கூட்டத்தில் நான் பின்வரிசையில் இருந்தேன். "கேட்கவில்லை என்றால் இல்லை என்றுதானே அர்த்தம்?" என்றார் அதிகாரி. "எங்களுக்குக் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம்" என்றார் பேராசிரியை. உண்மைதான். ஆனால் உண்மை சொல்பவரின் குரல் இவ்வளவு பலவீனமாக இருக்கக்கூடாது.

மழைக்காலம் தொடங்குமுன், குடாவின் தெற்குக் கரையில் நாயோடு நடக்கப்போன ஒருவர் ஓர் ஓங்கிலைக் கண்டெடுத்தார். தார்ப்பாயில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். பெண். மூக்கிலும் செட்டை ஓரத்திலும் வலை நூல் அறுத்த மெல்லிய கோடுகள். அளந்தோம், அறுத்தோம். குடாவுக்குள் மட்டும் கிடைக்கும் மீன் ஏதாவது இருக்குமா என்று பேராசிரியை வயிற்றைத் துழாவினார். வெறுமை. மடியில் மட்டும் பால் இருந்தது.

"குட்டி எங்கக்கா இருக்கும்?" என்று டெக்னீஷியன் கேட்டார். தாயில்லாமல் அது எத்தனை நாள் தாங்கும் என்று அவருக்கும் தெரியும். நான் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

இதாவது ஆதாரம் என்று நினைத்தோம். அதிகாரிகள் மரியாதையாகப் பதில் சொன்னார்கள்: பிணம் மிதக்கும், வெளிக்கடலில் செத்ததை நீரோட்டம் உள்ளே கொண்டுவந்திருக்கலாம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்தக் கதை எனக்குப் புதிதில்லை. என் தம்பி சண்டைக்காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறக் கிளாலியில் இரவுப் படகு ஏறியவன், மறுகரைக்கு வரவில்லை. அங்கேயும் அதிகாரிகள் எங்கே, எப்போது, யார் கண்டது என்று கேட்டுக் கேட்டே அவனை இல்லாமல் ஆக்கினார்கள். உயிரோடு இருந்தால் சத்தம் போட்டுக் காட்டவேண்டும், செத்தால் எங்கே செத்தேன் என்று எழும்பிச் சொல்லவேண்டும். வேறு எந்தச் சாட்சியும் இவர்களுக்குப் போதாது.

பேராசிரியை வாதாடவில்லை. அடுத்த கோடையும் கருவியை இறக்குவோம் என்றார். இறக்கினோம். வலைகளும் இறங்கின. நாங்கள் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாகக் கோடை போனது. ஒரு துடிப்புக்கூட இல்லை. ஈரம் புகுந்து கருவி கெட்டிருக்கவேண்டும், அதனால்தான் கேட்காமல் இருக்கவேண்டும் என்று நான் மனதுக்குள்ளே வேண்டிக்கொண்டேன். டெக்னீஷியன் அதை ஆய்வுகூடத் தொட்டியில் தொங்கவிட்டு, சோதனைத் துடிப்புகளை அனுப்பிப் பார்த்தார். ஒன்றையும் தவறவிடாமல் அது பதிந்தது.