கண்ணாடி போடாத படம்

அப்பாவின் முப்பதாம் நாள் காரியத்துக்குள் அவர் படத்தைப் பெரிதாக மாட்ட வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தாள். தேனியில் பிளெக்ஸ் அடிக்கும் கடையில் கேன்வாஸ் துணியில் அச்சடித்துக் கொடுத்தார்கள். பிரேம் கடையில் சட்டம் போடச் சொன்ன விலையைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. படத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மரக்கடையில் ரீப்பர் கட்டை வாங்கி நானே சட்டம் அடித்தேன். துணியைச் சுருக்கம் விழாமல் இழுத்துப் பொருத்தத்தான் தெரியவில்லை. பைக்குக்கு சீட் கவர் போடுகிறவரிடம் கொண்டுபோனேன்.

"மூலையில ஆரம்பிச்சா அவுக முகம் கோணிரும்ணே" என்றபடி, அவர் ஒவ்வொரு பக்கமும் நடுவிலிருந்து இழுத்து இழுத்து ஸ்டேப்ளர் பின் அடித்தார். விரலால் தட்டினால் துணி அதிர்ந்தது. கண்ணாடிச் செலவும் மிச்சம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

படத்தை மாட்டியபின் வந்த வெள்ளிக்கிழமை அம்மா அப்பாவின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை, எல்லா வீட்டிலும் படத்தின் கண்ணாடியைத் துடைப்பதுபோல, பழைய பொட்டை ஈரத்துணியால் துடைத்தாள். பொட்டோடு படத்தின் மையும் வந்துவிட்டது. நெற்றியில் வெள்ளையாகத் துணி தெரிந்தது.

"அதுல கண்ணாடி இல்லன்னு தெரியாதா ஒனக்கு?" என்று கத்திவிட்டேன்.

அம்மா கையிலிருந்த ஈரத்துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்யா. அவுக நெத்தி கைக்குத் தட்டுப்பட்டுச்சு. அதான் கொஞ்சம் கூடுதலாத் தொடச்சுட்டேன்."