பாதி விலை ரொட்டியும் வாழைக்குருத்தும்

என் வீட்டுக்காரர் உடம்பெல்லாம் வெந்து வீட்டுக்குள் கிடக்கிறார் என்று எங்கள் தெரு மூன்று நாள் நம்பிக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் தெரியாது. தெருவின் அந்த நம்பிக்கைக்கு முக்கியச் சாட்சி, நான் பெருமையோடு பாதி விலைக்கு வாங்கி வந்த ரொட்டி.

முதலிலிருந்து சொல்கிறேன். நாங்கள் ஆமத்தூர்ப் பக்கம். பட்டாசுத் தொழிற்சாலையை எங்கள் ஊரில் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அவர் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு ஆபீஸில் வெடிமருந்து கலக்குகிறவர். அந்த வருஷம் சோதனைக்கு வந்தவர்கள் ஏதோ குறை கண்டு ஆபீஸைப் பூட்டிவிட்டார்கள். எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. பத்தாம் நாளே ஒரு ஏஜென்ட் வாசலில் வந்து நின்றான். ஊருக்கு மேற்கே கருவேலங்காட்டுக்குள் தகரக் கொட்டகை போட்டிருக்கிறார்களாம். லைசென்ஸ் கிடையாது, கூலி இரண்டு பங்கு.

நான் அவனை உட்காரக்கூடச் சொல்லவில்லை. லைசென்ஸ் உள்ள இடத்திலேயே போன மனுஷன் கரிக்கட்டையாக வருகிறான். திருட்டுக் கொட்டகையில் வெந்தால் ஆஸ்பத்திரிக்குக்கூடத் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள், போனால் கேஸ் ஆகிவிடும் என்று. ஏஜென்ட் தெரு முனை திரும்பியதும் அவரிடம் சொன்னேன்.

"அந்தக் கொட்டகைக்குப் போனீகன்னா நானும் பிள்ளைகளும் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவோம். ஆபீஸ் தொறக்கிற வரைக்கும் சோத்துக்கு நான் பொறுப்பு."

"சரி" என்றார். அவர் எதற்கும் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. நானும் நம்பினேன்.

வாய் சொல்லிவிட்டது, வயிறு கேட்க வேண்டுமே. விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் எனக்குப் பாக்கெட் போடும் வேலை. என் ஒரு சம்பளத்தில் நான்கு பேர். ரேஷன் அரிசி மதியத்துக்குத் தாங்கியது. காலையும் ராத்திரியும்தான் இடித்தது. உளுந்து, எண்ணெய், கேஸ் என்று ஒவ்வொன்றும் கழுத்தைப் பிடித்தது. அப்போதுதான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பேக்கரியில், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாசலில் ஒரு நீல டிரே வைக்கிறார்கள் என்று கண்டுபிடித்தேன். நேற்றைய ரொட்டி, இன்றோடு தேதி முடிகிற பன், எல்லாம் பாதி விலை.

அதற்கும் ஒரு தொழில் சுத்தம் உண்டு. முன்னாலேயே போனால் டிரே வெளியே வந்திருக்காது. கொஞ்சம் பிந்தினால் எதிர்ச் சாரி டீக்கடைக்காரர் மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போய்விடுவார். பாக்கெட்டை ஓரத்தில் அமுக்கிப் பார்க்க வேண்டும். அமுங்கித் திரும்பி வந்தால் இரண்டு நாள் தாங்கும், அமுங்கியே கிடந்தால் அன்றைக்கே தின்றுவிட வேண்டும். அடியில் பச்சைப் பொட்டு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஒரு வாரத்தில் நான் அதில் கைதேர்ந்துவிட்டேன். டீக்கடைக்காரரோடு ஒருநாள் கடைசிப் பாக்கெட்டுக்கு இழுபறியே நடந்தது. அவர் ஒரு முனை, நான் ஒரு முனை. நான்தான் ஜெயித்தேன். அதைப் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

ரொட்டியைப் பிய்த்து வெங்காயம் போட்டு உப்புமா ஆக்கினேன். பருப்புக் குழம்பில் ஊறப்போட்டேன். ஓரங்களை வறுத்து மிளகாய்ப்பொடி தூவினால் பிள்ளைகளுக்குத் தீனி. மகள்தான் ஒருநாள் தட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"நம்ம வீட்டுல யாருக்கும்மா காய்ச்சல்?"

எங்கள் பக்கம் ரொட்டி என்றால் நோயாளிச் சாப்பாடு. காய்ச்சல்காரர் பாலில் தொட்டுத் தின்பது, ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகிறவர் கையில் கொண்டுபோவது. நல்ல உடம்புக்காரர் யாரும் தினமும் வாங்க மாட்டார். நான் மகளுடைய தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்துவிட்டு அதை மறந்தேன்.

அந்த வியாழக்கிழமை டீக்கடைக்கு லீவு. டிரே முழுக்க எனக்கே. ஐந்து பாக்கெட் வாங்கி, பை கொள்ளாமல் மார்போடு அணைத்துக்கொண்டு எங்கள் ஸ்டாப்பில் இறங்கினேன். தெருவில் இரண்டு மூன்று பேர் கூடிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்தினார்கள். கண் வைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் அவர் கால் இரண்டையும் வாளித் தண்ணீரில் வைத்து உட்கார்ந்திருந்தார். பாதம் முழுக்கக் கருவேல முள். எங்கள் வீட்டு ஆடு காட்டுக்குள் ஓடிவிட்டதாம், செருப்பைக்கூடப் போடாமல் விரட்டிப் போனாராம். நான் ஊக்கை வைத்து ஒவ்வொன்றாக நெம்பினேன்.

"ஆடு வந்துருச்சா, இல்ல அதுவும் எங்கனயாவது ஊக்குக் கேட்டு நிக்குதா?" என்று கேலி பண்ணினேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் கால் வலிக்கிறதென்று வாசல் பக்கமே வரவில்லை.

அந்த இரண்டு நாளும் ஊர் என்னிடம் விசித்திரமாக நடந்துகொண்டது. டவுன் பஸ்ஸில் எங்கள் தெருக்காரி ஒருத்தி எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். பால்காரம்மா கேட்காமலே கால் லிட்டர் கூட ஊற்றினாள். எதிர்வீட்டில் எப்போதும் அலறும் டிவி வாயடைத்துக் கிடந்தது. ஆம்பளைக்கு வேலை இல்லாமல் ஒற்றை ஆளாய்க் குடும்பத்தை இழுக்கிறேன், அதற்கு மரியாதை என்று நினைத்து நானும் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன். என் மூஞ்சி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எதிர்வீட்டு மதினி கொல்லைப் பக்கமாக வந்தார். தோளில் ஈரத் துணி சுற்றிய ஒரு கட்டு. கீழே இறக்கிப் பிரித்தால் வாழைக்குருத்து, ஒவ்வொன்றும் ஆள் உயரம்.

"என்ன மதினி, யார் வீட்டு விசேஷம்?" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். குரல் தணிந்திருந்தது.

"எங்கிட்ட என்னத்துக்கு மறைக்கீக? தண்ணி தெளிச்சு விரிங்க, ஒட்டாது. முதுகா, நெஞ்சா?"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. தீயில் வெந்தவர்களைத்தான் வாழைக்குருத்தில் படுக்கப் போடுவார்கள். அது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அது என் வீட்டுக்கு எதற்கு வருகிறது என்றுதான் தெரியவில்லை.

"யாருக்கு?"

"அண்ணனுக்குத்தான். வெளிய தலையே காட்டல. நீங்களும் அம்புட்டு ரொட்டிய அள்ளிக்கிட்டு வந்தீக. சோறு எறங்கலன்னுதான? தெருவுல யாரும் வாய் தொறக்க மாட்டாக, பயப்படாதீக."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தேன். முள் குத்தினதுக்கா வாழைக்குருத்து என்று கேட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். மதினி சிரிக்கவில்லை.

"அப்ப வியாழக்கிழமை கொட்டகை பத்திக்கிட்டப்ப அண்ணன் மேல படலையா?"

"எந்தக் கொட்டகை?"

மதினி நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் சொன்ன சொல் திரும்ப வாய்க்குள் போகுமா? பிறகு ஒவ்வொன்றாக வந்தது. மதினியின் வீட்டுக்காரரும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தாராம். வியாழக்கிழமை மத்தியானம் ஒரு மூலையில் மருந்து பற்றியிருக்கிறது. ஆளுக்கு ஒரு திசையில் முள்ளுக்குள் ஓடியிருக்கிறார்கள். "எங்க வீட்டு ஆளு திரும்பிப் பாத்தப்ப அண்ணன் இன்னும் உள்ளதான் இருந்தாகளாம். அதுக்குப் பெறகு பாக்கலையாம்."

மதினி போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். வியாழக்கிழமை மத்தியானம் நான் மண்டியில் துவரம்பருப்பை அளந்து பாக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவளிடம் டீக்கடைக்கு லீவு என்று சொல்லிச் சந்தோஷப்பட்டது ஞாபகம் வந்தது. அந்த நேரத்தில் அவர் செருப்பில்லாமல் தீக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த முள்ளைத்தான் நான் கேலி பேசிப் பேசி எடுத்திருக்கிறேன்.

குருத்தையெல்லாம் வாரிக்கொண்டு உள்ளே போனேன். அவர் படுத்திருந்த பாய்க்குப் பக்கத்தில், தரையில், ஒவ்வொன்றாக நீளவாக்கில் விரித்தேன். அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"என்ன இது?"

"படுங்க. அளவு சரியா இருக்கான்னு பாப்போம்."

அவருக்கு விளங்கிவிட்டது. எத்தனை நாளாக என்று கேட்டேன். பன்னிரண்டு நாள் என்றார், கூலி மாதக் கடைசியில்தானாம். நான் காலையில் பஸ் ஏறினதும் போய், நான் வருவதற்குள் குளித்துத் துவைத்து உட்கார்ந்திருக்கிறார். எனக்கு வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். பிள்ளைகள் வாசலில் விளையாடுகின்றன என்றுகூடத் தோன்றவில்லை. சரி என்றுதானே சொன்னீக, என்ன தைரியத்தில் போனீக என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவர் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒருநா விருதுநகர்ல வேலை கேக்க வந்தேன். பஸ்ஸு கெளம்புறப்ப ஜன்னல் வழியா உன்னைப் பாத்தேன். பழைய ரொட்டிக்கு ஒரு ஆளோட மல்லுக்கட்டிக்கிட்டு நின்ன. அன்னைக்கே ஏஜென்ட்டுக்குப் போன் போட்டுட்டேன்."

இலைக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் ஜெயித்ததாக நினைத்துச் சிரித்த நாள் அது. அவரைக் கொட்டகைக்குப் போகவிடாமல் இருக்கத்தான் நான் அந்தப் பாக்கெட்டை இழுத்தேன், அதைப் பார்த்துத்தான் அவர் போயிருக்கிறார். அவர் அழுதார். நான் தேற்றவில்லை, எனக்கே யாராவது தேற்றினால் தேவலை என்றிருந்தது.

திங்கட்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு போய் அந்த டிரே முன்னால் நிறுத்தினேன். நம்ம ஊர் ஆள் யாராவது பார்க்கப் போகிறார்கள் என்று கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார். "பாக்கட்டும்" என்றேன். பாக்கெட்டை எப்படி அமுக்குவது என்று காட்டிக் கொடுத்தேன். ஆபீஸ் திறக்கும்வரை அவர்தான் போய் வாங்கி வந்தார்.

இரண்டு மாதம் கழித்து ஆபீஸ் திறந்தது. அவருக்குப் பழைய வேலைதான், அதே மருந்து ரூம்தான். முதல் நாள் கம்பெனி வேனில் ஏறி அவர் கை காட்டியபோது எனக்கு அப்படி ஒரு நிம்மதி. கைகூப்பிச் சாமியைக் கும்பிட்டேன். வேன் போய்ப் புழுதி அடங்கிய பிறகுதான், அவர் மறுபடியும் அந்த மருந்து ரூமுக்குள் போவதற்கா கும்பிட்டேன் என்று உறைத்தது.